காப்புக் கட்டிய ஊரில் ‘இருப்பில் உள்ளது’

நடந்தது இது:

1. நாச்சியாபுரத்தைத் தாண்டி ஓர் ஊரில் பலகாரம் செய்து விற்கும் அழகம்மாள் அக்காவின் இணையதளத்துக்கு நான் ஸ்கீமா எழுதிக் கொடுத்தேன். பதினான்கு பலகாரங்கள். பதினான்குக்கும் ‘இருப்பில் உள்ளது’ என்று போட்டேன்.

2. மூன்று வாரத்தில், தேடல் முடிவுகளில் பலகாரத்தின் பெயருக்குக் கீழே விலையும் ‘இருப்பில் உள்ளது’ என்பதும் தெரிய ஆரம்பித்தன. அதைப் படம்பிடித்து அலுவலகக் குழுவில் போட்டேன். மூன்று பேர் கைதட்டினார்கள். அதில் ஒன்று என்னுடைய இன்னொரு எண்.

3. ஒரு செவ்வாய்க்கிழமை மாலை அந்த ஊரில் அம்மனுக்குக் காப்புக் கட்டினார்கள்.

4. புதன்கிழமை காலை கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் மகள் கல்யாணத்துக்கு முப்பது கிலோ ஆர்டர் போட்டு முழுப் பணமும் கட்டிவிட்டார். தேன்குழல் பத்து, கைமுறுக்கு பத்து, மாவுருண்டை பத்து. ஞாயிற்றுக்கிழமை காலை சீர்த்தட்டில் இருக்க வேண்டும்.

5. காப்புக் கட்டிய நாளிலிருந்து எட்டு நாள் அந்த ஊரில் எந்த வீட்டிலும் எண்ணெய்ச் சட்டி வைக்கமாட்டார்கள்.

6. ஐந்தாவது விஷயம் அந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். தேடுபொறிக்கும் எனக்கும் மட்டும் தெரியாது.

இந்த வாரம் வேலையில் சேர்ந்திருக்கும் உங்கள் மூவருக்காகவும் இதை எழுதுகிறேன். பணி அனுபவம் எழுத அறுபது வயதாகியிருக்க வேண்டும் என்பது வழக்கம். எனக்கு முப்பது. ஆனால் போன மாதத்தோடு வாடிக்கையாளர் வேலையிலிருந்து என்னை எடுத்து, புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் நாற்காலியில் உட்காரவைத்துவிட்டார்கள். நம் தொழிலில் அதற்குப் பெயர் ஓய்வுதான்.

ஸ்கீமாவை எப்படி எழுதுவது என்று இங்கே சொல்லப்போவதில்லை. அதற்குக் காணொளிகள் கொட்டிக் கிடக்கின்றன; அவற்றில் சில நல்லவையும்கூட. இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கடையின் பக்கம் மனிதர்கள் படிப்பதற்கு. ஸ்கீமா, அதே பக்கத்துக்குள் தேடுபொறி படிப்பதற்காக நாம் செருகிவைக்கும் சீட்டு. பொருளின் பெயர் இது, விலை இது, இப்போது கிடைக்கும் என்று அதில் எழுதுகிறோம். ‘நிஜமாகவா?’ என்று தேடுபொறி உடனே நம்மைக் கேட்பதில்லை. கொஞ்ச நாளைக்கு நம்பிவிடும், ஊருக்கெல்லாம் சொல்லியும்விடும்.

நான் விசாரிக்காமல் எழுதவில்லை. என்னிடம் ஒரு கேள்விப் பட்டியல் இருந்தது. அதில் ஒன்பதாவது கேள்வி, ‘விடுமுறை நாள்கள் எவை?’ அழகம்மாள் அக்கா, “லீவா? தீவாளியன்னைக்குக்கூட மாவு பெசையிறவ நான். லீவே கெடையாதுன்னு எழுதிக்க” என்றார். நானும் எழுதிக்கொண்டேன். அவர் பொய் சொல்லவில்லை. காப்பு நாள்களில் அந்த ஊரில் யாருக்கும் ஓய்வு கிடையாது. கோயில் வேலையில் இடுப்பு ஒடிந்துவிடும்.

புதன்கிழமை காலை அவர் தொலைபேசியில் அழைத்தார்.

“தாயி, நம்ம கடையில பலகாரம் இருக்குன்னு ஊருக்கெல்லாம் யாரு சொன்னது?”

“எப்பவும் திறந்திருக்கும்னு நீங்கதானே சொன்னீக, அக்கா?”

“தெறந்துதான் இருக்கு. சட்டிதான் இல்ல. காப்புக் கட்டியாச்சுல்ல?”

“கட்டினா என்ன?”

“ஏத்தா, நீ எந்த ஊரு?” என்றார்.

“சிங்கம்புணரி.”

“அங்க காப்புக் கட்ட மாட்டாகளா?”

“கட்டுவாக. எங்க தெருவுல கறி எடுக்க மாட்டோம்.”

“இங்க சட்டியே வைக்க மாட்டோம். கொழம்புகூடத் தாளிக்க மாட்டோம். எட்டு நாளும் சப்புன்னு தின்னுக்கிட்டுக் கெடக்கோம். ஒன் கம்ப்யூட்டர் முறுக்கு விக்கிது.”

காப்பு என்றால் எனக்குத் தெரியாத விஷயம் என்றிருந்தால் கேட்டிருப்பேன். பிறந்ததிலிருந்து பார்த்திருக்கிறேன், அதனால் கேட்கவில்லை. எங்கள் தெருவின் காப்பும் பதினைந்து இருபது மைல் தள்ளியிருக்கும் ஊரின் காப்பும் ஒன்று என்று நானே முடிவு செய்துகொண்டேன். வெளியூர்க்காரி இந்தத் தப்பைச் செய்திருக்கமாட்டாள்.

தொலைபேசியை வைத்ததும் செய்ய வேண்டியது ஒன்றுதான்: ஆர்டர் பொத்தானை மூடுவது. நான் அதைச் செய்யவில்லை. முக்கால் மணி நேரம் யோசித்தேன். என்ன யோசித்தேன் என்பதை வெட்கத்தோடு எழுதுகிறேன். தளம் முதல் பக்கத்தில் மூன்றாவது இடத்துக்கு வந்திருந்தது. என் கைவண்ணம். ‘இருப்பில் இல்லை’ என்று எழுதினால் இடம் போய்விடுமோ என்று பயம். ஸ்கீமாவில் ‘இருப்பில் உள்ளது’ என்றே விட்டுவிட்டு, பக்கத்தின் அடியில் மட்டும் பொடி எழுத்தில் ‘திருவிழாவை முன்னிட்டுத் தாமதமாகலாம்’ என்று போட்டால் போதாதா? தேடுபொறிக்கு ஒரு பேச்சு, மனிதர்களுக்கு ஒரு பேச்சு. வாக்கியத்தைக்கூட அழகாக அமைத்துவிட்டேன்.

அந்த முக்கால் மணி நேரத்துக்குள் சென்னையிலிருந்து ஒருவர் இரண்டு கிலோ அதிரசம் ஆர்டர் போட்டார்.

அக்காவிடமிருந்து குரல் செய்தி வந்தது: “ஏத்தா, ஊரே நோம்பு இருக்கு. அது மட்டும் ஏன் இப்பிடி அலையுது? அதுக்கும் ஒரு காப்பக் கட்டி விடு.”

பொத்தானை மூடினேன். சென்னைக்காரரிடம் பேசினேன், அவர் அடுத்த மாதம் வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். பிறகு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

பலகாரக் கொட்டகையில் நான்கு பெண்கள் அடுப்பு இல்லாமல் உட்கார்ந்து உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார்கள். அக்காவின் கணவர் கருப்பையா அண்ணன் மணிக்கட்டில் மஞ்சள் காப்போடு நின்றிருந்தார். விழாக் கமிட்டியில் இருப்பவர்.

“இந்தா வந்துருச்சுல்ல, இருப்புல உள்ளது” என்றார் அண்ணன்.

வேலை செய்யும் பெண்களில் பாக்கியம் என்று ஒருவர். வாய்க்குப் பூட்டு கிடையாது. காலித் தகரங்களை ஒவ்வொன்றாகத் தட்டிக் காட்டினார். “வாங்க மேடம். எத்தன கிலோ வேணும்? இதுல தேன்குழல். இதுல முறுக்கு. கண்ணுக்குத் தெரியாது, கம்ப்யூட்டர்ல பாத்தா தெரியும்.”

எல்லோரும் சிரித்தார்கள். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. ஆர்டர் வந்த கைப்பேசியை மடியிலேயே வைத்திருந்தார்.

பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் முடிந்தது, இதில் என்ன நெருக்கடி என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். அவர் சொன்னார்: “இது வரைக்கும் நம்மகிட்ட வந்த கல்யாணமெல்லாம் சொந்தக்காரக கல்யாணம், இல்லாட்டிச் சொந்தத்துக்குச் சொந்தம். பிடிக்குதோ பிடிக்கலையோ வாங்கித்தான் ஆகணும். இந்த மனுசனுக்கு நான் யாரு? முன்னப்பின்ன தெரியாம, பலகாரத்த மட்டும் பாத்துட்டு வந்த மொத ஆளு தாயி. அவர் மக கல்யாணத்துல வெறுந்தட்டு வச்சா, அது எம்பேரு சொல்லித்தான் வைப்பாக.”

கருப்பையா அண்ணன் மெதுவாக ஆரம்பித்தார். “காரைக்குடியில கெடைக்காத முறுக்கா? வாங்கி நம்ம பையில போட்டு அனுப்பிச்சா யாருக்குத் தெரியப்போகுது?”

“எம்பேரு அச்சடிச்ச பையில அடுத்தவ கைமுறுக்கா? அதுக்குப் பையை மட்டும் வித்துக்கிட்டு ஒக்காந்திரலாமே.”

வழியில் ஸ்கூட்டரில் வரும்போது நானும் அந்தக் காரைக்குடி முறுக்கைத்தான் யோசித்திருந்தேன்.

“கண்மாய்க்கு அங்குட்டு நம்ம ஊர் எல்லை முடிஞ்சிருதுல்ல?” என்றார் பாக்கியம். “அங்க போயி அடுப்ப மூட்டுவோம்.”

“சட்டி அங்குட்டு இருக்கும். சுட்ட கை இங்குட்டுத்தானே வரும்?” என்றார் அண்ணன்.

“கழுவிட்டு வருவோம்.”

“பத்துக் கிலோ முறுக்குச் சுட்ட வாசனை கழுவுனாப் போகுமா? நீ தெருவுல நடந்து வந்தா கோயிலுக்கே தெரியும்.”

அப்போதுதான் அன்றைக்கு முதல் உருப்படியான கேள்வியைக் கேட்டேன். மூன்று வாரம் முன்னால் கேட்டிருக்க வேண்டியது. “அக்கா, பதினாலுல எதுக்கெல்லாம் எண்ணெய்ச் சட்டி வைக்கணும்?”

ஒரு தாளில் பதினான்கையும் எழுதினேன். ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, பெண்கள் ‘வைக்கணும்’, ‘வைக்கணும்’ என்றார்கள். பதினொன்று அடிபட்டது. எள்ளுருண்டை, பொருள்விளங்கா உருண்டை, மாவுருண்டை மூன்றும் மிஞ்சின. மிஞ்சியவற்றிலும் தகராறு. மாவுருண்டைக்குப் பாசிப்பருப்பை வெறும் சட்டியில் வறுக்க வேண்டும். வறுப்பது தாளிப்பதில் சேருமா? நெய்யை உருக்கி ஊற்ற வேண்டும். உருக்குவது பொரிப்பதில் சேருமா? ஆளுக்கொரு தீர்ப்புச் சொன்னார்கள். அக்கா கணவரைப் பார்த்தார்.

“என்னையப் பாக்காத. நான் கமிட்டியில மைக் செட்டுக்குத்தான் பொறுப்பு. நெய்க்கு அம்பலத்தத்தான் கேக்கணும்.”

அம்பலம் என்றால் ஊர்த்தலைவர். கோயில் பந்தலுக்கு அடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, சீரியல் லைட் கட்டுபவர்களைத் திட்டிக்கொண்டிருந்தார். நாங்கள் ஏழு பேர் தாளோடு போய் நின்றோம். நாம் எழுதிய ஸ்கீமாவில் பிழை இருக்கிறதா என்று பார்க்க ஒரு கருவி இருக்கிறது, உங்களுக்கு நாளைக்குக் காட்டுவேன். ஒட்டினால் ஒரு நொடியில் சரி, தவறு சொல்லிவிடும். அம்பலம் அவ்வளவு வேகம் இல்லை. ஆனால் அதைவிடக் கறார்.

“பருப்பு வறுக்கலாமாய்யா? எண்ணெய் இல்லாம, வெறுஞ்சட்டியில” என்றார் அக்கா.

“பொங்கலுக்கு வறுக்கத்தானே செய்யிறீக. வறுங்க.”

“நெய் உருக்கலாமா?”

அவர் யோசித்தார். பாக்கியம் யோசிக்க விடவில்லை. “ஆத்தாளுக்கு வைக்கிற சக்கரப் பொங்கல்ல நெய்ய உருக்காமக் கட்டியாவா போடுறோம்?”

“ஒன்னக் கேக்கல.”

“நானும் ஒங்ககிட்டச் சொல்லல. ஆத்தாட்டச் சொன்னேன்.”

“உருக்கிக்கங்க. உருக்குன நெய்யில எதையும் போட்டுப் பொரிக்கக் கூடாது.”

“முந்திரி?”

“பொரிச்சாக் கூடாது. பச்சையாப் போட்டா அது ஒங்க இஷ்டம்.” பிறகு என் பக்கம் திரும்பினார். “நீதான் அந்த இருப்புல உள்ளதா?”

என் பெயர் எனக்கு முன்னாலேயே கோயிலுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

பந்தலிலேயே உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தேன். பதினொன்றுக்கு ‘இருப்பில் இல்லை’, மூன்றுக்கு ‘இருப்பில் உள்ளது’. பக்கத்திலும் அதையே போட்டேன், ஸ்கீமாவிலும் அதையே போட்டேன். பக்கத்தின் மேலே, கண்ணில் படும் அளவில், ‘ஊரில் காப்புக் கட்டியிருக்கிறோம், எண்ணெய்ப் பலகாரங்கள் அடுத்த வாரம்’ என்று ஒரு வரி. மாவுருண்டைக்கு ‘நெய்யில் பொரித்த முந்திரியுடன்’ என்று நானே வர்ணித்து வைத்திருந்தேன்; அதை இரண்டு இடத்திலிருந்தும் நீக்கினேன். படத்தில் ஒவ்வோர் உருண்டையிலும் ஒரு முந்திரி துருத்திக்கொண்டு நின்றது. படத்தையும் நீக்கினேன்.

இவ்வளவும் செய்து முடித்த பிறகும் கருப்பையா அண்ணன் தன் கைப்பேசியில் தேடிப் பார்த்து, “இன்னும் இருக்குன்னுதான் சொல்லுது” என்றார். மதியமும் அதையே சொன்னார். மறுநாளும் சொன்னார். வெள்ளிக்கிழமைதான் மாறியது. நாம் திருத்திய உடனே தேடுபொறி திருந்துவதில்லை. அது மறுபடி வந்து படிக்கும்வரை நம் பழைய பேச்சையே பேசிக்கொண்டிருக்கும். அதனால்தான் சொல்கிறேன், முதலில் ஆர்டர் பொத்தான், பிறகு சீட்டு. நான் மாற்றி யோசித்ததற்கு விலை இரண்டு கிலோ அதிரசம்.

கோயம்புத்தூருக்கு யார் பேசுவது? அக்கா கைப்பேசியை என் கையில் வைத்தார். “இருக்குன்னு சொன்ன வாய்தான் இல்லைன்னும் சொல்லணும்.”

பேசுவதற்கு முன் உள்ளங்கையில் நான்கு சொற்கள் எழுதிக்கொண்டேன்: தப்பு, காப்பு, மாற்று, பணம். அந்த வரிசையில் சொன்னேன். தப்பு என்னுடையது. காப்பு என்றால் இது. கேட்ட மூன்றில் எண்ணெய்ச் சட்டி வைக்காமல் செய்யக்கூடியது மாவுருண்டை மட்டும். வேண்டாமென்றால் முழுப் பணமும் இன்றைக்கே திரும்ப வரும்.

அவர் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். “இருப்புல இருக்குதுன்னு போட்டிருந்ததைப் பாத்துத்தானுங்க போட்டேன்? இல்லைன்னு இருந்தா அப்பவே வேற பக்கம் சொல்லியிருப்பனே. இன்னைக்குப் புதன்கிழமைங்க.”

“ஆமாங்க. தப்பு என்னோடதுதான்.”

“அந்தம்மா சட்டி வெக்கவே மாட்டாங்களா?”

“மாட்டாங்க.”

“அப்ப வெளிய வாங்கி அனுப்பிச்சிருக்கலாமே, நீங்க சொல்லாட்டி எனக்கென்ன தெரியப்போகுது?”

“அந்த யோசனையும் வந்ததுங்க. அவங்க வேண்டாம்னுட்டாங்க.”

பக்கத்தில் அழகம்மாள் அக்கா தலையில் கைவைத்துக்கொண்டார்.

“அதையெதுக்குங்க எங்கிட்டச் சொல்றீங்க?”

“கேட்டீங்களே.”

சிரித்தாரா, இருமினாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. “எங்கூர்லயும் நோம்பி சாட்டிட்டா ராத்திரிக்கு ஊரைத் தாண்ட மாட்டமுங்க. எனக்குப் புரியுது. தேன்குழலும் முறுக்கும் நான் இங்கயே பாத்துக்கறேன். மாவுருண்டையை மட்டும் இருபது கிலோவாப் போட்டுருங்க. முந்திரி வேண்டாம். பச்சை முந்திரி போட்டா சவசவன்னு இருக்கும்.”

முப்பது கிலோ இருபதாயிற்று. ஒரு பலகாரம் மட்டும் தப்பித்தது. அக்கா கைப்பேசியை வாங்கி மீதிப் பணத்தை அப்போதே திருப்பி அனுப்பினார். “வரட்டும். பருப்ப எடுங்கடி” என்றார்.

வியாழனும் வெள்ளியும் விடுப்பு எடுத்துக்கொண்டு நானும் உருட்டினேன். யாரும் கேட்கவில்லை, நானே போய் உட்கார்ந்தேன். உருக்கிய நெய் ஊற்றிய மாவை ஆறுவதற்குள் உருட்ட வேண்டும், உள்ளங்கை காந்தும். பாக்கியம் என் தட்டை எடுத்து எல்லோருக்கும் காட்டினார். “இது எலுமிச்சங்காய். இது நெல்லிக்காய். இது என்னத்தா, கோலிக்குண்டா? இதுல எதப் பாத்து நீ கம்ப்யூட்டர்ல எழுதப்போற?” நான் உருட்டியவை பார்சலில் ஏறவில்லை. நாங்களே தின்றோம்.

சனிக்கிழமை மதியம் பார்சல் வண்டி கிளம்பியது. ஞாயிற்றுக்கிழமை காலை அவரே கூப்பிட்டார். “வந்துருச்சுங்க. ஒண்ணும் உடையல. தட்டுல வெச்சாச்சு” என்றார். பின்னால் நாகஸ்வரம் கேட்டது. அக்கா கைப்பேசியைக் காதிலிருந்து எடுக்காமல், அவர் வைத்த பிறகும் கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருந்தார்.

நான் பயந்த விஷயம் நடந்ததா? நடந்தது. ‘இருப்பில் இல்லை’ என்று போட்ட வாரம் மூன்றாவது இடத்திலிருந்து ஐந்துக்குப் போனோம். சட்டி ஏறிய பத்தாம் நாள் பழைய இடத்துக்கு வந்தோம். நம் தொழிலில் எல்லோரும் தேடல் முடிவில் தெரியும் நட்சத்திரக் குறிக்கும் முதலிடத்துக்கும் ஏங்குவார்கள். நீங்களும் ஏங்குவீர்கள், தப்பில்லை. ஆனால் பொய்யான ஒரு வரியைக் காப்பாற்ற அழகான இன்னொரு வரியை அமைக்க ஆரம்பித்துவிட்டீர்கள் என்றால், எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள்.

என் பட்டியலில் ஒன்பதாவது கேள்வியை மாற்றிவிட்டேன். இப்போது அது இப்படி இருக்கிறது: ‘எந்த நாளில் எதைச் செய்யமாட்டீர்கள்? அதை யார் முடிவு செய்வார்கள்?’ இதற்கு வரும் பதில்களுக்காகவே இந்த வேலையில் இருக்கலாம். சிங்கம்புணரியில் ஒரு கயிறு வியாபாரி, ‘மழை பெய்தால். வானம்தான்’ என்று எழுதினார். கீழச்சிவல்பட்டியில் ஒரு தையல்கடைக்காரர், ‘மச்சினன் வந்தால். மச்சினன்தான்’ என்றார். முதலாவதற்கு ஸ்கீமாவில் வழி கண்டுபிடித்துவிட்டேன். இரண்டாவதை உங்களிடம் விடுகிறேன்.

இப்போதைய நிலவரம். அழகம்மாள் அக்காவின் கைப்பேசியில் ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால் பதினொரு பலகாரம் மூடும், மூன்று திறந்திருக்கும், பக்கமும் ஸ்கீமாவும் ஒரே நேரத்தில் மாறும். இரண்டு வருடமாக அவரே அழுத்துகிறார், காப்புக்கு மூன்று நாள் முன்பாகவே. கோயம்புத்தூர்க்காரர் மறுபடி ஆர்டர் போடவில்லை. அவர் சொல்லி மூன்று வீட்டார் போட்டிருக்கிறார்கள். அந்த ஊரில் என்னை இன்னும் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. இந்த வருடக் காப்புக்கு நாள் குறிக்க ஊர் இன்னும் கூடவில்லை; அதுவரை பதினான்கும் இருப்பில் உள்ளன.